ஏ9 வீதியோரத்து மட்டக்குதிரையின் முன்னங்கால்கள்

ஒட்டுசுட்டானிலிருந்து ஓர் உறுப்பினர்

காட்சிக்கு வைக்கப்பட்ட விலங்குகளின் கால்கள் கவனிப்பாரற்றுப் போவதைப் பற்றி நம் குழுவில் பேச்சு எழுந்ததனால், சென்ற வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் நான் கண்டதை எழுதுகிறேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியோரத்து உணவகம் ஒன்றின் பின்புறத்தில், பயணிகளின் பிள்ளைகள் பார்த்து மகிழ்வதற்கென்று முயல்களையும் வான்கோழிகளையும் சில ஆடுகளையும் ஒரு மட்டக்குதிரையையும் அடைத்து வைத்திருந்தார்கள். குதிரையின் பிடரிமயிர் வாரிவிடப்பட்டிருந்தது. கழுத்தில் மணிச்சரம் கட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் அதன் நெற்றியைத் தடவினார்கள், பெற்றோர் படம் எடுத்தார்கள்.

நான் மாட்டுப்பட்டி வைத்திருந்த வீட்டில் பிறந்தவன். எந்த விலங்கைக் கண்டாலும் என் கண் முதலில் அதன் கால்களுக்கே போகும். அந்தக் குதிரையின் முன்னங்குளம்புகள் இரண்டும் வள்ளத்தின் முன்முனையான அணியம் போல நீண்டு மேல்நோக்கி வளைந்திருந்தன. நுனியில் பாரம் கொடுக்க முடியாமல், முன்னங்கால்களை முன்னே நீட்டி, பின்னங்கால்களை வயிற்றின் கீழ் இழுத்து வைத்துக்கொண்டு, குதிகளில் சாய்ந்து நின்றது. ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டேயிருந்தது. பக்கத்தில் நின்ற சிறுமி ஒருத்தி, “அம்மா, குதிரை ஆடுது” என்று சிரித்தாள். அது வலியினால் ஆடியது. அதை அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விலங்குகளைப் பராமரித்த இளைஞனிடம் விசாரித்தேன். “தீனுக்கும் தண்ணிக்கும் ஒரு குறையும் வைக்கேல்லை ஐயா. குளம்பு வெட்ட வேணுமெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை” என்றான். அவன் சொன்னது உண்மை. குதிரையின் வயிறு நிறைந்தே இருந்தது. ஆனால் அந்தத் தீனில் உணவகத்தில் மிஞ்சிய பாணும் சோறும், வருகிறவர்கள் நீட்டிய விசுக்கோத்தும் சேர்ந்திருந்தன. மாவுச்சத்து அளவுக்கு மிஞ்சினால், குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளேயிருக்கும் பாத எலும்பையும் பிணைத்து வைத்திருக்கும் மெல்லிய இதழ்கள் அழற்சியுற்றுத் தளர்ந்துபோகும். முற்றிய நிலையில் அந்த எலும்பே கீழ்நோக்கித் திரும்பி உள்ளங்காலை அழுத்தும். குளம்புச் சுவரில் குறுக்கே ஓடிய, குதிப்பக்கம் அகன்ற வளையங்கள் இந்த நோய் அதற்கு முன்னரே வந்துபோயிருந்ததைக் காட்டின.

குதிரையின் குளம்பு மாதமொன்றுக்கு 6 முதல் 10 மில்லிமீற்றர் வரை வளர்வதனால், ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை அதைச் சீவித் திருத்த வேண்டும். நுனி நீள நீள, கால் நிலத்தை விட்டு எழும்பும் கணம் பிந்தி, பின்புறத் தசைநார் ஒவ்வோர் அடியிலும் இழுபடுகிறது. எங்கள் பட்டி மாடுகளுக்கு எவரும் குளம்பு வெட்டியதில்லை என்பது உண்மைதான். மாட்டுக்காலையைத் திறந்துவிட்டால் அவை கிரவல் வீதியிலும் குளக்கட்டிலும் தரவையிலும் பொழுது சாயும்வரை நடக்கும். வளர்வதை நடையே தேய்த்துவிடும். வண்டில் மாடுகளுக்குத் தேய்வு மிகுந்ததனாலேயே லாடன் அடித்தார்கள். லாடன் அடிக்கிறவர் மாட்டைக் கயிறு போட்டு வீழ்த்தி, ஆணியைக் கையில் எடுப்பதற்கு முன்னர் குளம்பைச் சீவி மட்டமாக்குவதைச் சிறுவயதில் அருகே இருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் குதிரைக்கோ பத்தடி அகலக் கொட்டிலும் நனைந்த வைக்கோலுமே நிலம். தேய்வதற்கு வழியில்லாத இடத்தில் ஒரு விலங்கை நிறுத்துகிறவர், தேய்க்கும் வேலையையும் தாமே ஏற்க வேண்டும்.

உரிமையாளர் முதலில் முகம் சுளித்தார். பின்னர் கால்நடை வைத்தியரை அழைக்கச் சம்மதித்தார். வைத்தியர் ஒரே நாளில் முழுவதையும் வெட்டவில்லை. நீண்ட குளம்பின் உள்ளே உயிருள்ள பகுதியும் முன்னோக்கி வந்திருக்கும் என்றும், திடீரென்று கோணத்தை மாற்றினால் பழகிப்போன தசைநார் தாங்காது என்றும் விளக்கி, மூன்று வார இடைவெளிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறடும் அரமும் கொண்டு குறைத்தார். பாணையும் விசுக்கோத்தையும் அன்றே நிறுத்தச் சொன்னார். உங்களில் எவராவது இவ்வாறான கால்கள் முழுமையாகத் தேறியதைக் கண்டிருந்தால் எழுதுங்கள்.

மன்னாரிலிருந்து ஓர் உறுப்பினர்

எங்கள் ஊர்க் கழுதைகளை எல்லோரும் அறிவீர்கள். அராபிய வணிகர்களோடு வந்தவை என்று பெரியவர்கள் சொல்லும் அந்தக் கழுதைகள் நகர வீதிகளில் திரிவதனால் அவற்றின் குளம்புகள் பெரும்பாலும் தாமாகவே தேய்ந்துவிடுகின்றன. நான் வருந்தியது தங்குமிடம் ஒன்றின் முற்றத்தில், விருந்தினர் படம் எடுப்பதற்காகப் பூமாலையோடு கட்டப்பட்டிருந்த ஒரு கழுதையைக் கண்டுதான். மணல் முற்றம், நாள் முழுவதும் ஒரே கயிறு, குளம்புகள் பக்கவாட்டில் விரிந்து பிளந்திருந்தன. ஒரு பிளவை விரலால் அழுத்தியபோது கரிய பொடியும் அழுகல் மணமும் வந்தன.

கழுதை வலியை வெளியே காட்டாத விலங்கு. நொண்டத் தொடங்கும்போது நோய் நெடுநாள் ஆகியிருக்கும். குதிரையின் குளம்பை விட அதன் குளம்பு நிமிர்ந்ததும் ஈரத்தை எளிதில் உறிஞ்சுவதும் என்பதனால், வறண்ட தரைக்கே அது பொருந்தும். அங்கே தினமும் முற்றத்திற்குத் தண்ணீர் தெளித்தார்கள். “அது அமைதியான பிராணி அண்ணை, ஒரு கரைச்சலும் தராது” என்று அங்கிருந்தவர் பெருமையோடு சொன்னார். அந்த அமைதியை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கிளிநொச்சியிலிருந்து ஓர் உறுப்பினர்

நான் ஆடு வளர்ப்பவள் என்பதனால் ஆடுகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கென்று சிறு பண்ணையொன்றில் ஐந்து ஆடுகளைச் சீமெந்துச் சுவருக்குள் வைத்திருந்தார்கள். அவற்றில் மூன்று முழங்காலில் நின்று புல் தின்றன. பார்த்தவர்கள் அதைக் குறும்பு என்று எண்ணினார்கள். குளம்பின் வெளியோரம் வளர்ந்து உள்ளே மடிந்து, அந்த மடிப்புக்குள் சாணமும் சேறும் அடைபட்டு, இரண்டு விரல்களுக்கும் இடையில் புண் வைத்திருந்தது. பாதம் தாங்காததனாலேயே அவை முழங்காலில் நின்றன.

ஆட்டுக்குக் குளம்பு வெட்டுவது கடினமான வேலையன்று. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் இருவருமாகவே செய்கிறோம். மழை விட்டதும் குளம்பு மென்மையாக இருக்கும்போது வெட்டுவது இலகு. மடிந்த ஓரத்தை முதலில் நீக்கி, அழுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தை மெல்லிய சீவல்களாக எடுத்து, இளஞ்சிவப்பு நிறம் தெரியத் தொடங்கும் இடத்தில் கத்தியை நிறுத்திவிட வேண்டும். அதற்குக் கீழே இரத்தம். கொட்டிலின் நடுவே கருங்கற்களை அடுக்கி வைத்தால் ஆடுகள் ஏறி இறங்கியே பாதி வேலையைச் செய்துவிடும். அந்தப் பண்ணைக்கு நானே இரண்டு உழவியந்திரப் பெட்டி கல் கொடுத்தேன்.

முறைப்பாடு செய்யலாமா என்று சிலர் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் நம் கையிலிருப்பது 1907 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம்; அது விதிக்கும் தண்டப்பணம் 100 ரூபாய் அளவிலேயே நிற்கிறது. ஆதலால் நேரில் போய்ப் பேசுவதும் வைத்தியரை அழைத்துச் செல்வதும் விரைவாகப் பலன் தருகின்றன என்பதே என் அனுபவம்.

ஒட்டுசுட்டான் உறுப்பினரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ஆடுகள் முழங்காலில் நிற்பதை நானும் குறும்பென்றே எண்ணியிருந்தேன். இனி அப்படிக் கடந்துபோக மாட்டேன்.

சித்திரையில் மீண்டும் அந்த உணவகத்திற்குச் சென்றேன். கொட்டிலின் பாதியில் கிரவல் பரப்பியிருக்கிறார்கள். தீன் கொடுக்க வேண்டாம் என்று எழுதிய பலகை தொங்குகிறது. குளம்பு வெட்டிய திகதிகளை அந்த இளைஞன் கொட்டில் தூணில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறான். குதிரை இன்னும் கூர்ந்து திரும்பும்போது தயங்குகிறது. ஆனால் நான்கு கால்களிலும் நேராக நிற்கிறது. குளம்பு மேல் விளிம்பிலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்து இறங்க ஏறத்தாழ ஒரு வருடமாகும். நான் பார்த்தபோது அந்தப் பழைய வளையங்கள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. அவற்றுக்கு மேலே வளர்ந்திருந்த குளம்பு வழவழப்பாக இருந்தது.