புதுப்பிப்பு: ஏகாதசி பாரணை (விரதம் முடித்து உண்ணும்) நேரம்

'ஏகாதசி விரதம் இருந்து, மறுநாள் துவாதசியன்று விடிந்ததும் சாப்பிடலாமா?' என்ற கேள்விக்கு முன்பு 'ஆம்' என்று எழுதியிருந்தேன். அது முழுமையான பதில் இல்லை, திருத்துகிறேன்.

துவாதசித் திதியின் முதல் கால்பகுதி ஹரிவாசரம். அதில் பாரணை கூடாது. திதி அதிகாலை 3 மணிக்குத் தொடங்கி 24 மணி நேரம் இருந்தால், காலை 9 மணிக்குப் பிறகே உண்ண வேண்டும். திதியின் நீளம் மாறும் என்பதால் 6 மணி நேரம் என்று பொதுவாகக் கூட்டிவிடாதீர்கள். பஞ்சாங்கத்தில் தொடக்கம், முடிவு இரண்டையும் பார்த்து, இடைப்பட்ட நேரத்தை நான்கால் வகுங்கள்.

துவாதசி காலை 7 மணிக்கே முடிகிறதா? ஹரிவாசரம் முந்தைய நாள் பகலிலேயே கழிந்திருக்கும். விடிந்ததும் சமையலுக்குக் காத்திராமல் துளசித் தீர்த்தம் அருந்துங்கள். பாகவதம் 9ஆம் ஸ்கந்தத்தில் அம்பரீஷ மன்னன் துர்வாச முனிவருக்காகக் காத்திருந்தபோது தண்ணீரால்தான் பாரணை செய்தான். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் எல்லாம் பிறகு நிதானமாகச் சமைக்கலாம்.