அடைகழியா, குந்துகட்டையா? கோழிக்கூண்டுக்கு ரெண்டு சொல் வேணும், திங்கக்கிழமைக்குள்ள

கொல்லைக்கோழி எழுதியது:

வணக்கமுங்க எல்லாருக்கும். எங்க ஊர்ல (கோபி பக்கம்) மகளிர் குழுவுக்கு வீட்டுக்கோழி வளர்ப்பு பத்தி 8 பக்கத்துல ஒரு கையேடு போடறாங்க, இங்கிலீஷ்ல இருக்கறத தமிழ்ல பண்ணித் தர்றேன்னு நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன், திங்கக்கிழமை காலைல அச்சகத்துக்குப் போயாகணும். தீவனம், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி எல்லாம் முடிச்சாச்சு, அதுக்கெல்லாம் சொல்லு இருக்கு. கூண்டு பத்தின பக்கத்துல தான் வண்டி நின்னு போச்சு. ரூஸ்ட்டுன்னு ஒண்ணு, பொழுது சாஞ்சதும் கோழி ஏறி உக்காந்து தூங்குற குறுக்குக் கட்டை. வென்ட்டுன்னு இன்னொண்ணு, கூரைக்கு அடியில சூடும் நாத்தமும் வெளிய போக விடற திறப்பு. படிக்கப் போறவங்க அஞ்சாவது ஆறாவது படிச்ச பொம்பளைங்க, அத மனசுல வச்சு சொல்லுங்க.

இத ஏன் இவ்வளவு புடிச்சுத் தொங்கறேன்னா போன வருஷம் நானே அடிபட்டவ. 4 அடிக்கு 4 அடி கூண்டு, 12 கோழி, மேல தகரம், மரநாய்க்குப் பயந்து நாலு பக்கமும் பலகை அடிச்சு மூடிட்டேன். உள்ள ஒரே ஒரு மூங்கில். சாயங்காலம் ஆறேகாலுக்கு சண்டை ஆரம்பிக்கும், பெரிய பெட்டை ரெண்டு ஓரத்தையும் புடிச்சுக்கும், சின்னதுக நடுவுல ஏறி ஏறி விழும், கடைசியில முட்டை இடற பொட்டிக்குள்ள போய் படுத்து அங்கயே எச்சம் போட்டு வைக்கும். காலைல கதவத் தொறந்தா மொகத்துல அடிச்ச மாதிரி நெடி, கண்ணுல தண்ணி வரும். மார்கழியில மழையே இல்ல, ஆனா தகரத்துக்கு அடியில முத்து முத்தா தண்ணி கோத்து நின்னு கோழி முதுகெல்லாம் நனைஞ்சிருக்கும். சளி புடிச்சு மூணு போச்சு. அதான்.

ஒற்றுமிகா எழுதியது:

அம்மா, இதற்கு யோசிக்கவே வேண்டாம். பறவை மாலையில் வந்து சேர்வதை 'அடைதல்' என்றுதானே சொல்கிறோம், 'கோழி அடையிற நேரம்' என்று உங்கள் ஊரிலும் சொல்வார்கள். ஆகவே அடைகழி. வினைத்தொகை, ஒற்று மிகாது, தயவுசெய்து 'அடைக்கழி' என்று போட்டுவிடாதீர்கள். திறப்புக்குக் காலதர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. 'மான்கண் காலதர் மாளிகை' என்று சிலப்பதிகாரம் புகார் நகரத்து வீடுகளைப் பாடுகிறது. ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு மேலாக வீட்டில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு வென்ட் என்பானேன்.

நாமக்கல்_கால்நடை எழுதியது:

ஐயா மன்னிக்கணும், அடைகழியில ரெண்டு பாதியுமே ஆபத்து. நான் வாரத்துல நாலு நாள் பண்ணைக்குப் போறவன், அங்க அடைன்னு சொன்னா ஒரே அர்த்தம், அடைகாக்கறது. 'அடைக்கு உக்காந்துருச்சு', 'அடைக்கோழி', 'அடைமுட்டை'. அடைகழின்னு எழுதினா முட்டைய எங்க கட்டை மேலயா வைக்கறதுன்னு கேப்பாங்க. அதவிட மோசம் பின்னாடி இருக்கிற கழி. வெள்ளைக்கழிச்சல், ரத்தக்கழிச்சல்னு ரெண்டு நோய் அதே கையேட்டுல இருக்கு, நடுவுல அடைகழி வந்தா மூணாவது நோய்னு நினைச்சு மருந்து கேப்பாங்க, சிரிக்காதீங்க நிஜமா கேப்பாங்க.

அக்கா, சொல்லு கிடைக்கற வரைக்கும் விஷயத்த சரியா எழுதிருங்க. ஒரு கோழிக்கு கட்டையில 8ல இருந்து 10 அங்குலம். உங்க 12 கோழிக்கு 4 அடி மூங்கில்னா தலைக்கு 4 அங்குலம் தான் வருது, சண்டை போடாம என்ன செய்யும். கட்டை செவுத்துல இருந்து ஒரு அடி தள்ளி இருக்கணும், முட்டைப்பொட்டிய விட உசரமா இருக்கணும், இல்லேன்னா பொட்டியில தான் போய் படுக்கும், எப்பவும் இருக்கறதுல உசரமான எடத்தைத் தான் தேடும். ரெண்டு மூணு கட்டை போட்டா ஏணிப்படி மாதிரி முன்னும் பின்னுமா போடுங்க, ஒண்ணுக்கு நேர் கீழ ஒண்ணு வச்சா மேல இருக்கறது கீழ இருக்கறது தலையில எச்சம் போடும். மூங்கில் ரெண்டு முனையும் மண்ணோ மெழுகோ வச்சு அடைச்சிருங்க, ஓட்டைக்குள்ள செள்ளு குடித்தனம் பண்ணும், ராத்திரி வந்து ரத்தம் குடிச்சிட்டு பகல்ல உள்ள போயிரும்.

வேர்தேடி எழுதியது:

காலதர்னு ஐயா சொன்னதும் எனக்கு தூக்கம் போச்சு. கால் அப்படிங்கற ஒரு சொல்லு எத்தன வேல பாக்குது பாருங்க, காத்துக்கும் கால், காலடிக்கும் கால், தூணுக்கும் கால், நாலுல ஒண்ணுக்கும் கால், வாய்க்காலும் கால். எல்லாத்துக்கும் அடியில 'ஓடுறது நீளுறது'ன்னு ஒரு பொருள் இருக்குங்கறது என் கட்சி. கூண்டு, கூடு, குடாப்பு, குடில், குடை, குடம் எல்லாம் வளைவுங்கற ஒரே வேர்ல இருந்து வந்தது, பஞ்சாரத்த கவுத்து வச்சுப் பாருங்க புரியும். கோழின்னாலே ஊர் பேரு வேற, உறையூருக்கு கோழின்னு பேரு, ஒரு சேவல் யானைய சண்டையில தோக்கடிச்ச எடம்னு ஐதீகம். அதுல பாருங்க வாரணம்னா யானையும் தான் சேவலும் தான், இளங்கோ அந்த ஒரு சொல்ல ரெண்டு பக்கமும் வச்சு வெளையாடியிருக்காரு. பெட்டைக்கு தொல்காப்பியம் மரபியல்ல அளகுன்னு ஒரு பேரு, கோழிக்கும் கூகைக்கும் மட்டும் தான் அது பொருந்துமாம். கையேட்டுல பெட்டைக்குப் பதிலா அளகுன்னு போட முடியுமா அக்கா?

கொல்லைக்கோழி எழுதியது:

முடியாதுங்க. அளகுன்னு போட்டா அழகுன்னு திருத்திருவாங்க. காலதர்னு எங்க வீட்டுக்காரர்ட்ட சத்தமா படிச்சுக் காட்டினேன், கோழிக்கால் சமாச்சாரமான்னு கேக்கறாரு.

வெண்டிலேட்டர்னு போட்டா என்ன? பழைய வீட்டுல ஜன்னலுக்கு மேல இருக்கற சின்னத் திறப்ப எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.

நாமக்கல்_கால்நடை எழுதியது:

2020க்கு முன்னாடின்னா சரின்னு சொல்லியிருப்பேன். இப்ப கோழிக்கு வெண்டிலேட்டர் வைங்கன்னு எழுதினா ஐசியூவுல சேக்கச் சொல்றீங்களான்னு கேப்பாங்க.

பனிக்கொண்டை எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில ஒரு நாட்டுப்புறத்தில இருக்கிறன், எட்டுக் கோழி நிக்குது. நீங்கள் ரெண்டு சொல்லுக்கு அடிபடுறியள், எனக்கு மூண்டாவது ஒண்டு வேணும். இஞ்ச வந்த முதல் வருசம் குளிருக்குப் பயந்து கூட்டை ஒரு ஓட்டை இல்லாமல் அடைச்சு வைச்சன். சேவலிண்ட கொண்டை நுனியெல்லாம் கறுத்துப் போச்சு. குளிரிலதான் கறுத்ததெண்டு நினைச்சன், பேந்துதான் விளங்கினது உள்ளுக்க நிண்ட ஈரம்தான் அதைக் கூட்டினதெண்டு. கோழி மூச்சிலயும் எச்சத்திலயும் அவ்வளவு தண்ணி கிடக்கு. இப்ப கூரை விளிம்புக்குக் கீழ ரெண்டு பக்கமும் திறந்து கம்பிவலை அடிச்சிருக்கு, கோழி இருக்கிற உயரத்தில ஒரு கீறலும் இல்லை. ஆகவே தலைக்கு மேலால போற காற்று நல்லது, உடம்பில அடிக்கிற காற்று கூடாது. ரெண்டையும் காற்று எண்டே சொன்னால் சனம் குழம்பும். இந்தக் கூடாத காற்றுக்கு என்ன சொல்லு?

அந்தக் கட்டைக்கு எங்கட பக்கம் குந்து எண்டு சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். வீட்டு வாசலில ஏறி இருக்கிறதும் குந்துதான்.

ஒற்றுமிகா எழுதியது:

உடம்பில் அடிக்கும் குளிர்காற்றுக்கு ஊதை. சங்கப் பாட்டில் தலைவியை வருத்துவது அதுதான். இப்போது கோழியையும் வருத்துகிறது. இதையாவது ஏற்றுக்கொள்வீர்களா?

குந்து என்பது அவ்வளவு மரியாதையான சொல் இல்லை. வகுப்பில் பையன் 'குந்துறேன் சார்' என்றால் நாங்கள் திருத்துவோம்.

திண்ணைவாசி எழுதியது:

அதான் சார் பிரச்சனையே. வடாற்காடு பக்கம் வீட்டுல எல்லாரும் குந்துனு தான் சொல்வோம், ஸ்கூலுக்கு போனா அது அசிங்கம் ஆயிடும். 'அமர்கழி'ன்னு ஒண்ணு போட்டு கோழிய நாற்காலியில உக்கார வெக்காதீங்க. கோழி அமராது சார், குந்தும். கால மடக்கி ஒக்காந்தா தசைநார் இழுத்து வெரலு தானா கட்டைய கவ்விக்குது, தூக்கத்துல கூட விழாது, அந்த செயலுக்கு குந்துறதுன்னு தான் பேரு, இத விட பொருத்தமான சொல்லு எந்த அகராதியிலயும் இல்ல. குந்துகட்டை. அவ்ளோதான்.

வேர்தேடி எழுதியது:

சேக்கைன்னு ஒரு சொல்லு இருக்கே அத யாரும் நினைக்கலயா? படுக்கை, பறவை தங்குற எடம் ரெண்டும் அது தான். அப்புறம் குறுந்தொகை 139ல மனையுறை கோழி வருதே, வேலி ஓரம் காட்டுப்பூனை வந்துருச்சு, 'புகுமிடன் அறியாது' குஞ்சுகளக் கூட்டிக்கிட்டு பெட்டை கத்துது. அந்தக் கோழிக்கு ஒரு நல்ல சேக்கை இருந்திருந்தா அந்தப் பாட்டே இல்ல. ஒக்கூர் மாசாத்தியார் கூண்டு கட்டத் தெரிஞ்சவங்களப் பாத்திருக்க மாட்டாங்க போல.

கொல்லைக்கோழி எழுதியது:

அந்தப் பாட்டு என் கூண்டப் பாத்து எழுதினது தான்.

நேத்து சாயங்காலம் எங்க அத்தைகிட்ட கேட்டேன், அறுபது வருஷமா கோழி வளக்கறவங்க, ஏதாவது அருமையான பழைய சொல்லு வரும்னு நோட்டு எடுத்துக்கிட்டு உக்காந்தேன். 'அதுக்கென்ன பேரு, ஸ்டாண்டு'ன்னாங்க. அதுக்கு முன்னாடி என்னன்னு சொல்வீங்கன்னு கேட்டா, முன்னாடி கோழி முருங்கை மரத்துல தான அடையும், மரத்துக்கு மரம்னு தான பேருன்னாங்க.

நாமக்கல்_கால்நடை எழுதியது:

ஸ்டாண்டுக்கே என் ஓட்டு, ஆனா அத இங்க சொன்னா வெளிய அனுப்பிருவீங்க, அதனால குந்துகட்டை.

பனிக்கொண்டை அண்ணன் சொன்னது அங்கத்துக்கு சரி, கையேட்டுல அப்படியே போட்டுராதீங்க அக்கா. நம்ம ஊர்ல எதிரி வெயில். கோழிக்கு வேர்க்காது, வாயத் தொறந்து எளைச்சுத் தான் சூட்ட வெளிய விடும், ஏப்ரல் மே மாசம் உடம்புல காத்து பட்டே ஆகணும். கூண்டு நீளம் கிழக்கு மேற்கா இருக்கட்டும், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் அகலப் பக்கத்துல மட்டும் அடிக்கும். நீளமான ரெண்டு பக்கமும் கீழ ஒரு அடிக்கு மட்டும் செவுரு, மேல முழுக்க கம்பிவலை. கீரி மரநாய் நுழையாத மாதிரி சின்னக் கண் வலை, கோழிவலைன்னு விக்கற மெல்லிசு வேண்டாம், கிழிச்சிரும். மார்கழி தையில மட்டும் கட்டை உசரத்துக்கு சாக்குப் படுதா, மேல அரை அடி திறந்தே இருக்கணும். அம்மோனியா எங்கிருந்தும் வரல, எச்சத்துல இருக்கிற யூரிக் அமிலம் ஈரத்துல மக்கி வருது, கீழ ஈரம் இல்லேன்னா பாதிப் பிரச்சனை இல்ல. உங்க கண்ணு எரிஞ்சா கோழி அதுக்கு முன்னாடியே ராத்திரி பூரா அத குடிச்சிட்டு இருந்திருக்கு.

கொல்லைக்கோழி எழுதியது:

ஞாயித்துக்கிழமை ராத்திரி மணி பத்து. எண்ணிப் பாத்தேன், குந்துகட்டைக்கு மூணு பேரு, அடைகழிக்கு ஐயா மட்டும், சேக்கைக்கு வேர்தேடி மட்டும். குந்துகட்டைன்னு போடறேன், முதல் தடவ வர்ற எடத்துல 'ராத்திரி கோழி ஏறித் தூங்குற கட்டை'ன்னு சேத்துக்கறேன். திறப்புக்கு யார் சொன்னதும் ஒட்டல, 'கூரைத் திறப்பு'ன்னு சும்மா எழுதிட்டேன். ஊதை எடுத்துக்கிட்டேன் ஐயா, ஆனா ஊதைக்காத்துன்னு போட்டிருக்கேன்.

ஒற்றுமிகா எழுதியது:

ஊதை என்றாலே காற்றுதான் அம்மா. ஊதைக்காற்று என்பது நடுசென்டர் என்பது போல. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். குந்துகட்டையையும் நான் ஏற்கவில்லை, இருபது வருடம் கழித்து யாராவது அகராதி தொகுப்பான், அவனுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

கொல்லைக்கோழி எழுதியது:

அச்சகத்துல இருந்து மெய்ப்பு வந்திருச்சு. தட்டச்சு பண்ணின தம்பி எல்லா எடத்துலயும் 'குந்துக்கட்டை'ன்னு க் போட்டு வச்சிருக்கான், 14 எடம். ஒரு மணி நேரத்துல சரின்னு சொல்லணும். கூண்டுல இப்ப மூணு கட்டை, சண்டை இல்ல, விட்டுரலாமான்னு இருக்கு.

ஒற்றுமிகா எழுதியது:

வினைத்தொகை. ஒற்று மிகாது. பதினாலையும் எடுக்கச் சொல்லுங்கள். சொல் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.