கேமராவில் நார்மல், சதைத்துணுக்கில் நோய்: ஆத்தாவுக்கு இது எப்போ, எதனால தொடங்குச்சு?

முகப்பு வீடு (கானாடுகாத்தான்):
ஆத்தாவுக்கு 64 வயசு. பங்குனியிலேருந்து பேதி. ரத்தம் இல்லை, வெறும் தண்ணி. பகல்ல ஆறேழு தடவை, ராத்திரி ரெண்டு. எங்க வீடு இந்தத் தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுல முடியற வீடு. கழிவறை கடைசிக் கட்டுல. ஆத்தா படுக்கிறது வளவு அறையில. இருட்டுல எந்திரிச்சு, ஒவ்வொரு நிலைப்படியிலயும் காலைத் தூக்கி வச்சுத் தாண்டிப் போறதுக்குள்ள சேலை நனைஞ்சிரும். ஆடியில ஒரு ராத்திரி ஆத்தங்குடிக் கல்லுல வழுக்கி விழுந்துட்டாக. அதுக்கப்புறம் கட்டிலை அடுப்படிக்குப் பக்கத்துல போட்டோம்.

ஆனியில ஒரு ஆஸ்பத்திரியில கேமரா விட்டுப் பார்த்து, குடல் சுத்தமா இருக்கு, மனக்கவலைதான்னு அனுப்பிட்டாங்க. சதை எதுவும் எடுக்கலை. ஐப்பசியில மதுரையில இன்னொரு டாக்டர் திரும்ப விட்டுப் பார்த்து பல இடத்துல துணுக்கு எடுத்தார். ரிப்போர்ட்: கொலாஜனஸ் கொலைட்டிஸ், அதாவது மைக்ரோஸ்கோப்புல மட்டும் தெரியற குடல் அழற்சி. மருந்து, குடல் அழற்சியைக் குறைக்கிற புடசோனைடு, தினம் 9 மில்லிகிராம். ரெண்டு வாரத்துல ராத்திரி எந்திரிக்கிறது நின்னுருச்சு.

சந்தேகம் இதுதான். தையில முழங்கால் வலிக்கு மாத்திரை, அதோட கேஸ் மாத்திரை கொடுத்தாங்க. பங்குனியில பேதி. அப்பச்சி மாசியில போன சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) சாப்பாட்டைச் சொல்றாக. எது?

மாத்திரைக்கடை (தேவகோட்டை):
தம்பி, இதுல என்ன சந்தேகம்? வலி மாத்திரையும் கேஸ் மாத்திரையும் இந்த நோயோட சேர்த்துப் பேசப்படறது இன்னைக்கு நேத்து இல்லை. கேஸ் மாத்திரையில லான்சோப்ரசோல் பேர் அடிக்கடி வரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற செர்ட்ராலின் மேலயும் அதே புகார் உண்டு. நம்ம ஊர்ல சீட்டே இல்லாம "ஒரு கேஸ் மாத்திரை கொடுங்க"ன்னு வந்து நிப்பாங்க. 22 வருஷமா இந்தக் கவுண்டர்ல நிக்கிறேன், பத்து வருஷமா தினமும் முழுங்கறவங்களைத் தெரியும். எதுக்கு ஆரம்பிச்சதுன்னு அவங்களுக்கே ஞாபகம் இருக்காது. டாக்டர்கிட்ட கேட்டு ரெண்டையும் நிறுத்துங்க.

கல்பாசி (காரைக்குடி):
விருந்து சமைச்சுப் போடற எங்க மேலதான் முதல் பழி எப்பவும். மாசியில சாப்பிட்டது பங்குனியில தொடங்கி ஐப்பசி வரைக்குமா போகும்? பந்தியில இருந்த மத்தவங்களுக்கு என்ன ஆச்சுன்னு உங்க அப்பச்சியைக் கேளுங்க.

இன்னொண்ணு. செட்டிநாட்டுச் சமையல்னா எரியற குழம்புன்னு நினைக்கிறது ஓட்டல் போர்டைப் பார்த்துட்டுப் பேசறது. எங்க வீட்டுல மிளகு, சீரகம், சோம்பு, அளவா மிளகாய். காரத்தால இந்த நோய் வரும்னு யாரும் காட்டினதில்லை. வந்த பிறகு காப்பியும் பாலும் பேதியைக் கூட்டலாம், சிலருக்கு. உங்க ஆத்தா ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காப்பி?

முகப்பு வீடு:
நாலு, ஆச்சி. பித்தளை டம்ளர்.

சும்மா கேட்கிறேன் (பள்ளத்தூர், இப்போ கோலாலம்பூர்):
மாத்திரைக்கடை அண்ணே, முடிவை முதல்ல எழுதிட்டுக் கணக்கைப் பின்னாடி போடறீங்க. கேஸ் மாத்திரை வாங்க வர்றவர் ஏற்கெனவே வயிறு சரியில்லைன்னுதானே வர்றார்? அந்த உப்புசம், அந்த அசௌகரியமே இந்த நோயோட தொடக்கமா இருந்தா? நோய் மாத்திரையைக் கூப்பிட்டிருக்கு, நீங்க மாத்திரை நோயைக் கூப்பிட்டுச்சுங்கிறீங்க.

2025-ல சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை வச்சு ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 65-உம் அதுக்கு மேலயும் வயசானவங்க. கேஸ் மாத்திரை, வலி மாத்திரை, கொழுப்பு மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், எதுவும் பெரிசா மாட்டலை. செர்ட்ராலின் வகைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல். அதுவும் அந்த மருந்து எடுக்கறவங்களுக்குக் கேமராப் பரிசோதனை அதிகம் நடக்கறதால இருக்கலாம்னு அவங்களே சொல்றாங்க. தேடின இடத்துலதானே கிடைக்கும். இந்த நோய்க்கான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதலும் 2021-லயே மருந்துகளுக்குத் தொடர்பு இருக்கு, அதனால காரணம்னு ஆகாதுன்னு எழுதிடுச்சு.

மாத்திரைக்கடை:
தம்பி, அந்த ஆய்வு ஊர் முழுக்கப் போட்ட சராசரி. என் கேள்வி ஒரு ஆள். லான்சோப்ரசோலை நிறுத்தினதும் பேதி நின்னு, திரும்ப எடுத்த சதைத்துணுக்கும் சரியான நோயாளிகளைப் பத்திக் குறிப்புகள் வந்திருக்கு. லட்சம் பேர்ல பத்துப் பேருக்கு ஒத்துக்கலைன்னா சராசரியில அது தெரியவே தெரியாது. அந்தப் பத்துல ஒருத்தர் கானாடுகாத்தான்ல இருக்கக் கூடாதா?

சும்மா கேட்கிறேன்:
இருக்கலாம். ஆனா நீங்க முதல்ல எழுதினது "என்ன சந்தேகம்"னு.

கண்ணாடிச் சில்லு (மதுரை):
திசு பார்க்கிற லேப்ல வேலை. எங்க மேசையில என்ன தெரியும்னு சொல்றேன். குடல் மேல்தோலுக்கு அடியில கொலாஜன் நார் மெல்லிசா ஒரு கோடு மாதிரி இருக்கும், 5 மைக்ரானுக்குள்ள (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). கொலாஜனஸ் வகையில அது 10-ஐத் தாண்டிப் பட்டையாகிடும். இதே நோயோட இன்னொரு வகை லிம்போசைட்டிக், அதுல பட்டை தடிக்காது. மேல்தோல் செல் 100-க்கு 20-க்கு மேல லிம்போசைட்ங்கிற வெள்ளை அணு புகுந்திருக்கும். கேமராவுக்கு ரெண்டும் தெரியாது, அதனாலதான் வலப்பக்கம், இடப்பக்கம் ரெண்டுலயும் துணுக்கு எடுக்கணும். சுவீடன்ல லிண்ட்ஸ்ட்ராம் இந்தப் பட்டையை வச்சு 1976-ல நோய்க்குப் பேர் வச்சார்.

நீங்க ரெண்டு பேரும் பேதி தொடங்கின நாளையும் நோய் தொடங்கின நாளையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பறீங்க. பட்டை என்னைக்குத் தடிக்க ஆரம்பிச்சதுன்னு ஸ்லைடுல தேதி இருக்காது. சிலருக்கு ஒரே நாள்ல கொட்டித் தீர்க்கும், சிலருக்கு மெல்ல மெல்ல வரும். 50 தாண்டிய பெண்களுக்கு அதிகம். புகை பிடிக்கிறவங்களுக்குச் சீக்கிரமே வருது. தைராய்டு, சீலியாக் (கோதுமை ஒத்துக்காத குடல் நோய்), மூட்டுவாதம் மாதிரி உடம்பே உடம்பைத் தாக்குற நோய்கள் சிலருக்குக் கூடவே வரும். சிலருக்குப் பித்த அமிலம் சரியா உறிஞ்சப்படாம அதுவும் பேதியைக் கூட்டும். ஆத்தாவுக்குத் தைராய்டு உண்டா? இது புற்றா மாறுமோன்னு பயப்பட வேண்டாம், அந்த ஆபத்தை இது கூட்டறதில்லை.

முகப்பு வீடு:
தைராய்டு மாத்திரை 12 வருஷமா.

இன்னொரு விஷயம் எல்லாருக்கும். ஆத்தா தினச்செலவை நோட்டுல எழுதறவுக. காய், பால், பூ, பஸ், எல்லாம் பைசா சுத்தமா. நேத்து உட்கார்ந்து புரட்டினேன். தை 11: "கேஸ் மாத்திரை 1 அட்டை." சரி. ஆனா அதுக்கு முன்னாடியே மார்கழி 19: "ஓஆர்எஸ் 4 பொட்டலம்," பேதிக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்பு-சர்க்கரைப் பொடி. மார்கழி 26: திரும்ப 6. அதுக்கும் முன்னாடி, போன வருஷ ஐப்பசி 3-ல "கால் வலி மாத்திரை", கடையில கேட்டு வாங்கினது. தையில டாக்டர் எழுதினது ரெண்டாவது ரவுண்டாம். எங்க யாருக்கும் தெரியாது.

"அப்பவே போச்சுதா ஆத்தா"ன்னா, "வாடைக் காத்துல வயிறு கொஞ்சம் இளகும்டா, அதைப் போய் எதுக்குச் சொல்லிக்கிட்டு"ங்கிறாக.

சும்மா கேட்கிறேன்:
அப்போ கேஸ் மாத்திரை விடுதலை. சாந்திக் கல்யாணமும்.

கல்பாசி:
அப்பச்சிகிட்ட இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.

மாத்திரைக்கடை:
கேஸ் மாத்திரையை விட்டுடறேன், ஒத்துக்கறேன். ஆனா ஐப்பசியில கால் வலி மாத்திரை, மார்கழியில ஓஆர்எஸ். வரிசை என் பக்கம்தான் நிக்குது. சீட்டு இல்லாம வித்தது எந்தக் கடையோ, அந்தக் கூச்சம் எங்க எல்லாருக்கும்தான்.

சும்மா கேட்கிறேன்:
முழங்கால் வலி எதனால வந்துச்சு? இந்த நோய்க்காரங்களுக்கு மூட்டு வலியும் வரும். வலி முன்னாடி, பேதி பின்னாடி, ரெண்டுக்கும் வேர் ஒண்ணாவே இருக்கலாம். தைராய்டு வேற இருக்கு.

மாத்திரைக்கடை:
இருக்கட்டும். வேர் எதுவோ, வலி மாத்திரையை விட்டா நஷ்டம் என்ன?

முகப்பு வீடு:
டாக்டரும் அதையேதான் செஞ்சார். நோட்டைப் பார்த்துட்டு, "நிச்சயமா சொல்ல முடியாது, ஆனா இதை விட்டுடலாம்"னார். கால் வலிக்கு இனி பாராசிட்டமால். புடசோனைடை மெல்லக் குறைப்பாராம். நிறுத்தின பிறகு நிறையப் பேருக்குத் திரும்ப வருமாம், அதனால ஒரு நாளைக்கு மூணு தடவைக்குக் கீழ, அதுல தண்ணியாப் போறது ஒண்ணுக்கும் குறைவா இருக்கான்னு பார்த்துக்கச் சொன்னார். ஆத்தா நோட்டுல புதுசா ஒரு கோடு கிழிச்சுட்டாக. இன்னைக்கு எழுதியிருக்கிறது: "கார்த்திகை 9. கீரை 15. பால் 60. வெளிக்கு 2, கெட்டி. காப்பி 3."

கல்பாசி:
மூணா? இன்னும் ஒண்ணு குறைக்கச் சொல்லுங்க.