ஏலக்கூடத்துச் சுவர்

குழு: வீட்டார் எல்லோரும்

வியாழன் மாலை

பெரியப்பா: எல்லோருக்கும் ஒரு செய்தி. மீன் ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் நீளச் சுவரில் படம் வரைய வேண்டும் என்று கோவில் பங்குப் பேரவையில் நேற்று முடிவாகிவிட்டது. செலவுக்கு ஊர்ப் பொதுப்பணத்தில் கொஞ்சம், மீதிக்கு வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள். யார் வரைவது என்று கேட்டார்கள். எங்கள் வீட்டுப் பிள்ளையே ஓவியக் கல்லூரியில் படித்தவள்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். மக்களே, அருவி, அன்னம், மான் என்று பார்க்க லட்சணமாக நாலு படம் வரைந்து கொடு.

பெரியம்மா: மாதா படம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

குவைத் அண்ணன்: மாதா கோவிலில் இருக்கிறாரே அம்மா. வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் வரையட்டும். நம் மாவட்டம் என்றதும் வெளியாட்களுக்கு நினைவு வருவது அதுதான். என் பங்கு பணத்தை இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன்.

நான்: பெரியப்பா, என்னை நினைத்துச் சொன்னதற்கு மிகவும் மகிழ்ச்சி. கட்டாயம் செய்கிறேன். என்ன வரைவது என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டாம். அந்தச் சுவருக்கு முன்னால் தினமும் இருப்பவர்கள் யார்? விடியும் முன்பே மீன் பாத்திரமான சருவத்தோடு வந்து உட்காரும் பெண்கள், ஏலம் கூறுகிறவர், ஐஸ் உடைக்கும் பையன்கள், திங்கள்சந்தையிலிருந்தும் தக்கலையிலிருந்தும் வண்டியில் வரும் வியாபாரிகள். இவர்களில் ஒருவரிடமாவது கேட்டீர்களா?

பெரியப்பா: கேட்கவில்லை. படம் வரைய ஊரைக் கூட்டிக் கேட்பார்களா?

தம்பி: பெரியப்பா சொல்வது சரிதான் அக்கா. பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் படம் சொல்வார்கள். கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனாலும் பிடித்தது. அங்கே யாரிடம் கேட்டுச் செய்தார்கள்?

நான்: 2012இல் தொடங்கியது முதல் கொச்சிக்குப் பார்க்க விரும்புகிறவர்கள் தேடிப் போகிறார்கள். ஓர் அறையில் இருப்பது பிடிக்கவில்லை என்றால் அடுத்த அறைக்கு நடந்துவிடலாம். ஏலக்கூடத்தில் அப்படி நடக்க முடியுமா? மீன் விற்கும் நம் மைனி ஒவ்வொரு நாளும் அங்கேதான் உட்கார வேண்டும்.

நியூயார்க்கில் நடந்ததைச் சொல்கிறேன், கேள். 1981இல் ரிச்சர்ட் செர்ரா என்ற பெயர்பெற்ற சிற்பி அங்கே ஓர் அரசு அலுவலகத்தின் முன்முற்றத்தில் 120 அடி நீளம், 12 அடி உயரத்தில் வளைந்த இரும்புச் சுவர் ஒன்றை நிறுத்தினார். ‘டில்டட் ஆர்க்’ என்று பெயர். உருவான இடத்தைவிட்டு அகற்றினால் அந்தப் படைப்பே அழிந்துவிடும் என்பது அவர் வாதம். எனக்கு அதில் நியாயம் தெரிகிறது, சிற்பமும் மோசமானதல்ல. ஆனால் தினமும் அந்த முற்றத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. 1985இல் பொது விசாரணை வைத்தார்கள். பேசியவர்களில் சிற்பம் இருக்கட்டும் என்றவர்களே அதிகம். இருந்தும் அங்கே வேலை பார்த்தவர்களின் மனக்குறை தீரவில்லை. 1989இல் ஓர் இரவில் வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். முதலிலேயே அவர்களோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இத்தனை ஆண்டு வழக்கும் வாதமும் வந்திருக்குமா என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா: சரி, அது வெளிநாடு. நம் பக்கத்தில் இப்படிச் செய்த இடம் உண்டா?

நான்: சென்னையில் கண்ணகி நகர் இருக்கிறது பெரியப்பா. நகரத்துக் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே வேலை தரத் தயங்குகிறார்கள் என்று அங்குள்ள பிள்ளைகள் வருந்துவார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளையும் சென்னை மாநகராட்சியும் சேர்ந்து அந்த அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்களை வரையவைத்தார்கள். அதன்பிறகு சுவர்களைப் பார்ப்பதற்கென்றே வெளியாட்கள் வரத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் சுவரோவியம் குடிநீர்க் குழாய்க்கு மாற்று ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா: சுவரில் வரைவது நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை என்பதையும் எழுது. திருநந்திக்கரை குடைவரைக் கோவிலில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை மேல்மாடிச் சுவர்களிலும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனபோதெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நான்: ஆமாம் பெரியப்பா. அவை தெய்வத்துக்கும் அரசருக்கும் வரைந்தவை. மீன் விற்கிறவர்களுக்கென்று ஒரு சுவர் இப்போதுதான் கிடைக்கிறது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

மைனி: இப்போதுதான் வேலை முடிந்து போனைப் பார்க்கிறேன். என்னிடம் கேட்டால் எனக்குப் படம் வேண்டாம், உட்கார இடம் வேண்டும். காலையில் சுவர் நிழல் விழும். அதற்குள் உட்கார எல்லோரும் நெருக்குவோம். தரை முழுவதும் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும். சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு பழைய சாக்கை விரித்து உட்காருகிறோம். சாளை மீன் வந்த நாளில் சருவத்தைத் தலையிலிருந்து இறக்கப் பக்கத்தில் ஒருத்தி கைகொடுக்க வேண்டும், ஏனென்றால் தரைவரை குனிய வேண்டியிருக்கிறது. முதுகு என்ன ஆகும்? பாதி உயரத்தில் ஒரு திண்ணை இருந்தால் நானே இறக்கிக்கொள்வேன். படம் பிறகு வரையுங்கள்.

நான்: மைனி, இதைத்தான் கேட்க விரும்பினேன்! திண்ணையும் இந்த வேலையில் ஒரு பகுதியாக இருக்கலாம். சுவரோரமாகச் சிமெண்டில் கட்டி, மேலே உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பதித்தால் அதுவே ஓவியம். சண்டிகரில் சாலை ஆய்வாளராக வேலை பார்த்த நேக் சந்த் உடைந்த வளையல், பீங்கான், டைல்ஸ் துண்டுகளை வைத்தே ஒரு சிற்பத் தோட்டம் உண்டாக்கினார். யாருக்கும் தெரியாமல் காட்டுக்குள் தொடங்கிய வேலை அது. 1976இல் மக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். ராக் கார்டன் என்றால் இன்று எல்லோருக்கும் தெரியும்.

மைனி: டைல்ஸ் வழுக்குமே. விளிம்பு காலைக் கிழிக்கும்.

நான்: பளபளப்பு இல்லாத டைல்ஸாகப் பார்த்து, விளிம்பைத் தேய்த்துவிட்டுப் பதிப்போம். கழுவிய தண்ணீர் வடிய முன்பக்கம் லேசான சரிவும் வைக்கலாம்.

வெள்ளி காலை

குளச்சல் மாமா: இரவு எல்லாவற்றையும் படித்தேன். வள்ளத்துக்குப் பெயர் எழுதியே வளர்ந்தவன் சொல்கிறேன், முதலில் சுவரைப் பாருங்கள். திருவிழாவுக்குத் திருவிழா சுண்ணாம்பு அடித்த சுவர் அது. அதன் மேல் எவ்வளவு விலை உயர்ந்த பெயிண்ட் அடித்தாலும் சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வரும். அடிச்சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கிறது. டவுனில் ஒரு சுவர் முழுக்கப் புலியும் அருவியும் வரைந்தார்களே, ஒரு மழைக்காலம் தாங்கியதா? சுரண்டாமல் மேலேயே அடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெரியப்பா: அப்படியானால் எனாமல் பெயிண்ட் அடித்தால் என்ன? வள்ளத்துக்கு அதைத்தானே அடிக்கிறீர்கள்?

குளச்சல் மாமா: கூடாது அண்ணே. சுவருக்குள் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். எனாமல் அந்த ஈரத்தை வெளியேவிடாது, கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். சுண்ணாம்பைச் சுத்தமாகச் சுரண்டி, கழுவி, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் அடித்து, வெளிச்சுவருக்கான எமல்ஷன் அடிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தொடங்கி ஒன்று, அக்டோபரில் இன்னொன்று. ஜனவரி பிறந்த பிறகு தூரிகையைத் தொடுங்கள். உப்புப் பூக்கும் அந்த இரண்டடிக்குப் படமே வேண்டாம்.

நான்: அந்த இரண்டடியைத் திண்ணை மறைத்துவிடும் மாமா. நிறத்தைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். காவி, செம்மண், மஞ்சள்மண் நிறங்களை அதிகம் எடுத்துக்கொள்ளலாமா? வெயிலில் வெளுக்காமல் நிற்பது மண்ணிலிருந்து வரும் நிறங்கள்தானே?

குளச்சல் மாமா: நிற்கும். பளிச்சென்ற சிவப்பும் ரோஸும்தான் முதலில் வெளுக்கும். இன்னொன்று, தேர்தல் வந்தால் யாராவது வெள்ளையடித்து ‘இந்தச் சுவர் எங்களுக்கு’ என்று எழுதிவிடுவார்கள்.

பெரியப்பா: அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொதுஇடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959இலேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பங்குத் தந்தையிடம் சொல்லிச் சுவர் நம் பங்குக்கு உரியது என்று எழுத்தில் வாங்கி வைத்துவிடுவோம்.

பெரியம்மா: மாதா படம் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். ஒக்கிப் புயலில் போனவர்களின் பெயர்களையாவது எழுதக் கூடாதா? 2017 நவம்பர் 30. இன்றைக்கும் அந்த நாள் வந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவர்கள் பெயர் ஊரில் எங்கேயாவது இருக்க வேண்டாமா?

குவைத் அண்ணன்: அம்மா சொல்வது நல்ல யோசனை. அதற்கு என்ன செலவானாலும் தருகிறேன்.

நான்: பெரியம்மா, கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் ஏலக்கூடத்தில் வேண்டாம் என்று நினைக்கிறேன். பிள்ளையைக் கடலில் விட்ட தாய்மார் இரண்டு மூன்று பேர் அங்கேதான் உட்கார்ந்து மீன் விற்கிறார்கள். மகன் பெயருக்கு முன்னால் உட்கார்ந்து அயிலைக்கு விலை பேசு என்று நாம் எப்படிச் சொல்வது?

மைனி: உண்மை. என் பக்கத்தில் உட்காருகிறவள் அந்தப் பேச்சு வந்தாலே எழுந்து போய்விடுவாள்.

பெரியம்மா: அதை நான் யோசிக்கவில்லை மக்களே. கல்லறைத் தோட்டத்து வாசலில் வைக்கலாம். அந்தந்த வீட்டில் நானே போய்க் கேட்கிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம்.

பெரியப்பா: சரி, ஊரைக் கேட்பதை எப்படிச் செய்வது?

நான்: அடுத்த வாரம் பங்கின் பகுதிவாரிக் குடும்பக் குழுக்களான அன்பியங்களின் கூட்டங்கள் எல்லாம் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் கொடுங்கள், நான் போகிறேன். பெரியப்பா, கிறிஸ்துமஸ் குடில் கட்டும்போது யார் யாரைக் கேட்கிறார்கள்? சிமெண்ட் சாக்குத் தாளைக் கசக்கி மலை செய்வது ஒருவர், நெல் முளைக்கப் போடுவது ஒருவர், ஓடை விடுவது ஒருவர், இரவெல்லாம் டீ போட்டுக் கொடுப்பது ஒரு வீடு. சேர்ந்து ஒன்றைச் செய்ய இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்தக் கைகள் சுவருக்கும் வர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சனி மாலை

தம்பி: பாட்டாவிடம் சுவரைப் பற்றிச் சொன்னேன். பெரிய குரல் பதிவே தந்துவிட்டார். போனில் கேட்பது சிரமம் என்பதால் எழுதிப் போடுகிறேன்:

“எல்லாச் சுவரிலும் கரையிலிருந்து கடலைப் பார்த்த படம்தான் இருக்கிறது. தெங்கு, வள்ளம், சூரியன். கடலிலிருந்து கரையைப் பார்த்து யாராவது வரைந்திருக்கிறார்களா? திரும்பி வரும்போது முதலில் மலைதான் தெரியும், நீலமாக. பிறகு கோவில் கோபுரம். பிறகு தெங்கு. வீடு கடைசியில்தான். வேளிமலை முகட்டை நம் கோவில் கோபுரத்துக்கு நேராக வைக்க வேண்டும். முட்டத்துக் கலங்கரை விளக்கை இன்னொரு அடையாளத்தோடு நேராக வைக்க வேண்டும். இரண்டு நேரும் சேரும் இடத்தில் அடியில் பார் என்கிற பாறைத்திட்டு கிடக்கும். அங்கே வலை விட்டால் கிழியும், தூண்டில் போட்டால் மீன் உண்டு. இதெல்லாம் எங்கள் மனதில் இருக்கிறது. உங்கள் பாட்டி ஒரு நாளும் நம் ஊரைக் கடலிலிருந்து பார்த்ததில்லை. அதை வரையச் சொல்.”

நான்: இதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. மைனி, உங்களுக்கு?

மைனி: நானும் பார்த்ததில்லை. அவர் இத்தனை வருடம் கடலுக்குப் போகிறார், கரை எப்படித் தெரியும் என்று நான் கேட்டதே இல்லை. எனக்கு அது வேண்டும். வள்ளுவர் சிலையைப் படகில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

குவைத் அண்ணன்: சிலையை விட்டுவிடுகிறேன். பாட்டா சொன்னதே இருக்கட்டும்.

தம்பி: இப்போது எல்லோரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறது. என் வயதுப் பையன்கள் யாருக்கும் மலையை வைத்து இடம் பிடிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் வயதானவர்கள் மட்டும்தான்.

நான்: அதனால்தான் உடனே தொடங்க வேண்டும். பெரியவர்களை ஒன்றாக உட்காரவைத்து, எந்த மலை எந்தக் கோபுரத்துக்கு நேர் என்று கேட்டு வரைந்துகொள்கிறேன். நீ வள்ளத்தில் போய்த் தூரத்துக்குத் தூரம் நிறுத்திக் கரையைப் படம் எடுத்து வா. பார் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடுகளை மட்டும் சுவரில் போடக் கூடாது, அது அவர்கள் பிழைப்பு. என்னிடம் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும்.

குளச்சல் மாமா: எத்தனை நாள் நிற்கும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வாய்?

நான்: ஐந்து ஆண்டு நின்றால் நல்லது என்று சொல்வேன் மாமா. ஜப்பானில் நவோஷிமா தீவில் யாயோய் குசாமா என்ற கலைஞரின் மஞ்சள் பூசணிக்காய்ச் சிற்பம் ஒன்று கடலை ஒட்டிய மேடையில் இருந்தது. 2021 ஆகஸ்டில் புயல் அதைக் கடலுக்குள் இழுத்துப் போட்டது. அடுத்த ஆண்டே மறுபடி செய்து அதே இடத்தில் வைத்தார்கள். நாமும் வருடாவருடம் திருவிழாச் செலவில் ஒரு பங்கை இந்தச் சுவருக்கு ஒதுக்க வேண்டும். அது இல்லை என்றால் தொடங்கவே வேண்டாம்.

பெரியப்பா: பேரவையில் அதையும் எழுதி நிறைவேற்றுகிறேன். நாளை திருப்பலி முடிந்ததும் ஏலக்கூடத்துக்கு வா மக்களே, அளவு எடுத்துவிடுவோம்.

மைனி: நானும் வருகிறேன், சருவத்தையும் கொண்டு வருகிறேன். திண்ணை உயரத்தை அதை இறக்கிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் டேப்பை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

குளச்சல் மாமா: சுண்ணாம்பு சுரண்டும் தகடு என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. வேறு யார் வீட்டில் இருக்கிறது?