தபாலில் தொலைந்த கிஃப்ட் கார்டு: பணம் திரும்பக் கிடைக்க என்ன செய்யணும்? (அனுபவப் பகிர்வு)

கவுண்டர் பக்கம்

கார்டு போய்ச் சேரவில்லை என்றதும் பெரும்பாலானோர் முதலில் தபால் நிலையத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை, கார்டு கம்பெனியைக் கூப்பிட்டு அதிலுள்ள தொகையை முடக்கச் சொல்வது. தபாலைத் தேடும் வேலை வாரக்கணக்கில் இழுக்கும். கார்டு வேறு யார் கையிலாவது சிக்கியிருந்தால் அவர் அதைக் காலி செய்ய ஒரு பில் போட்டால் போதும்.

முடக்கச் சொல்லும்போது அவர்கள் கேட்பது கார்டு நம்பரும் வாங்கிய அத்தாட்சியும். கடைக் கவுண்டரில் பணம் ஏற்றி ஆக்டிவேட் செய்தபோது வந்த ரசீதுதான் உங்கள் கையிலுள்ள முக்கியப் பிடிமானம். பல ரசீதுகளில் கார்டு நம்பரின் கடைசி 4 இலக்கம்தான் இருக்கும். கூடவே பரிவர்த்தனை எண், தேதி, நேரம், எந்தக் கிளை, எந்த கவுண்டர் என்பதும் இருக்கும். இவை எல்லாம் கைவசம் இருந்தால் முழு நம்பரை அவர்களே தேடி எடுத்துவிட முடியும்.

ரசீதையே தொலைத்தவர்களுக்கும் வழி இருக்கிறது. பணம் கட்டிய வங்கிக் கார்டின் ஸ்டேட்மென்டில் தேதியும் தொகையும் இருக்கும். அதோடு கடைக்குப் போய் பில்லின் நகல் கேளுங்கள். கடையின் மெம்பர் கார்டைக் காட்டி வாங்கியிருந்தால் தேடுவது இன்னும் சுலபம். ரொக்கம் கொடுத்து வாங்கி, ரசீதும் இல்லை என்றால்தான் கஷ்டம். ரசீது தெர்மல் காகிதம், வெளிச்சமும் சூடும் பட்டால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே ரசீதையும் கார்டின் முன்பக்கம் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். பின் (PIN) நம்பர், அதாவது கார்டின் ரகசிய எண், அதன் மேலிருக்கும் பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை.

கஸ்டமர் கேர் பக்கம்

போன் எடுப்பவரின் திரையில் என்ன தெரியும் என்று தெரிந்தால் பேசுவது சுலபம். கார்டு எப்போது ஆக்டிவேட் ஆனது, எவ்வளவு ஏற்றப்பட்டது, எங்கே எப்போது எவ்வளவு செலவானது, இப்போது மீதி என்ன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் நடந்ததை நீளமாகச் சொல்வதைவிட இப்படி ஆரம்பியுங்கள்: "கார்டு தபாலில் தொலைந்துவிட்டது, வாங்கியது நான், ரசீது இருக்கிறது, இப்போதே முடக்கிவிட்டு மீதியைச் சொல்லுங்கள்." வாங்கியவர் பேசுவதே நல்லது. பரிசு பெற வேண்டியவர் பேசினால் அவரிடம் எந்த அத்தாட்சியும் இருக்காது.

மாற்றுக் கார்டு என்றால் பழைய நம்பரைச் செல்லாததாக்கி, மீதித் தொகையைப் புது நம்பருக்கு ஏற்றுவது. அதை மறுபடி தபாலில் வாங்காதீர்கள், ஈமெயிலில் வரும் இ-கார்டாகத் தரச் சொல்லுங்கள். புகார் எண், பேசிய நேரம், அப்போது அவர் சொன்ன மீதித் தொகை, மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முடக்கச் சொன்ன பிறகு பணம் போனால் அந்தக் குறிப்புதான் உங்களுக்காகப் பேசும்.

பணம் ஏற்கெனவே போயிருந்தால், "செலவானதைத் திருப்பித் தர மாட்டோம்" என்பதுதான் வழக்கமான பதில். போனை வைத்துவிடாதீர்கள். செலவான தேதியும் நேரமும் கேளுங்கள், விஷயமே அதில்தான் இருக்கிறது. திங்கள் மாலை ஆக்டிவேட் செய்து செவ்வாய் காலை தபாலில் போட்ட கார்டு, திங்கள் இரவே காலியாகியிருக்கிறது என்று வையுங்கள். அது தபால் திருட்டே இல்லை. கடையில் தொங்கிக்கொண்டிருந்தபோதே யாரோ நம்பரையும் பின் நம்பரையும் குறித்துக்கொண்டு, சுரண்டும் பூச்சின் மேல் புது ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பணம் ஏறியதும் எடுத்துவிட்டார்கள். அப்போது புகார் கடையின் மீதும் கார்டு கம்பெனியின் மீதும் போக வேண்டும், தபால் துறை மீது அல்ல. மறுக்கப்பட்ட புகார்கூட இந்த நேரக் கணக்கை எழுத்தில் வைத்து மேலதிகாரியிடம் கேட்டால் மறுபரிசீலனைக்கு எடுக்கப்படுவது உண்டு.

கார்டு வழியில் இருந்த நாட்களில் ஏதாவது ஒரு கடையில் செலவாகியிருந்தால் போலீஸ் புகாரை அன்றே கொடுங்கள். கடைகளின் சிசிடிவி பதிவு ரொம்ப நாள் இருக்காது, பழையதன் மேலேயே புதியது பதிவாகிக்கொண்டிருக்கும். கடைக்காரர் உங்களுக்கு அதைக் காட்ட மாட்டார், போலீஸ் கேட்டால்தான் எடுத்து வைப்பார்.

தபால் பிரிக்கும் இடத்திலிருந்து

காணாமல் போகும் கார்டு எல்லாமே திருட்டு என்று நினைக்க வேண்டாம். கார்டு 85.6 × 54 மில்லிமீட்டர், தடிமன் 0.76 மி.மீ. கடிதம் பிரிக்கும் மெஷினில் பெல்ட்டுகள் கவரை உருளைகளைச் சுற்றி வளைத்து வேகமாக இழுக்கும். காகிதம் வளையும், பிளாஸ்டிக் அந்த அளவு வளையாது. பெரிய வாழ்த்து அட்டை கவரில் கார்டைச் சும்மா போட்டிருந்தால் அது நகர்ந்து ஒரு மூலையில் போய் நிற்கும்; வளைவில் அந்த மூலை கிழிந்து கார்டு வெளியே விழும். கவர் மட்டும் வெறுமையாகப் போய்ச் சேரும். கீழே விழுந்த கார்டில் யார் பெயரும் இருக்காது, யாருக்கென்று திருப்பி அனுப்புவது?

அதனால் கார்டை ஒரு மடித்த அட்டைக்குள் நடுவில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். அனுப்புபவர், பெறுபவர் முகவரியை அந்த அட்டையிலும் எழுதுங்கள். மினுமினுக்கும் பண்டிகைக் கவர் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஊருக்கே சொல்லும், சாதாரண வெள்ளைக் கவரே போதும்.

இழப்பீடு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணத் தபாலுக்கு டிராக்கிங் இல்லை, எங்கே தொலைந்தது என்று காட்டவே முடியாது. ரெஜிஸ்டர் செய்தால் ஒவ்வொரு கை மாறும்போதும் பதிவு இருக்கும், ஆனால் இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. பல தபால் சேவைகள் கிஃப்ட் கார்டை ரொக்கம் மாதிரியே பார்ப்பதால், இன்சூர் செய்த தபாலில் போகாவிட்டால் உள்ளே இருந்த தொகையைத் தரமாட்டார்கள். கவுண்டரிலேயே "உள்ளே கிஃப்ட் கார்டு, தொகைக்கு இழப்பீடு உண்டா?" என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். விசாரணை கோருவது பொதுவாக அனுப்பியவர் வேலை. நாடு விட்டு நாடு போன ரெஜிஸ்டர் தபால் என்றால் தபாலில் போட்ட மறுநாளிலிருந்து 6 மாதத்துக்குள் கோர வேண்டும்.

வங்கி பக்கம்

ஒரு முக்கிய வித்தியாசம். கார்டை வாங்கித் தபாலில் போட்டது நீங்களா, இல்லை ஆன்லைனில் ஆர்டர் செய்து கடையே அனுப்பியதா? கடை அனுப்பியது என்றால் "பொருள் வந்து சேரவில்லை" என்று வங்கியில் முறையிடலாம். விசா, மாஸ்டர்கார்டு பரிவர்த்தனைக்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். நீங்களே போட்டிருந்தால் கடை தன் வேலையை முடித்துவிட்டது, இந்த வழி எடுபடாது.

எங்கும் செல்லும் விசா, மாஸ்டர்கார்டு முத்திரையுள்ள கிஃப்ட் கார்டானால், கார்டின் பின்பக்கம் வெளியிட்ட வங்கியின் பெயர் இருக்கும். பேச வேண்டியது அவர்களிடம், விற்ற கடையிடம் அல்ல. மாற்றுக் கார்டுக்குக் கட்டணம் பிடிப்பதும் உண்டு.

கஸ்டமர் கேர் பக்கம்

ஒன்று விட்டுப்போச்சு. உதவி எண்ணையும் பேலன்ஸ் பார்க்கும் தளத்தையும் கூகுளில் தேடி முதலில் வருவதைத் தொடாதீர்கள், போலிகள் நிறைய. கார்டின் பின்பக்க போட்டோவில் இருக்கும் எண்ணும் முகவரியும் மட்டும்தான். கார்டு கம்பெனி என்று சொல்லி யாராவது உங்களைக் கூப்பிட்டு பின் நம்பர் கேட்டால் சொல்லாதீர்கள்.

மாற்றுக் கார்டு வந்த பிறகு பழைய கவர் தாமதமாகப் போய்ச் சேருவதும் நடக்கும். அது செல்லாது என்று பெறுபவரிடம் முன்பே சொல்லிவையுங்கள், கடையில் கொண்டுபோய் நீட்டி அவர் சங்கடப்படக் கூடாது. புதுக் கார்டில் தொகை ஏறியதைப் பார்த்துவிட்டுப் பழையதை வெட்டிப் போடச் சொல்லுங்கள்.