“சீட்டு கிடைக்குமா?” ஹார்வர்டு, எம்ஐடி என்று கேட்டு வந்த பிள்ளைகளுக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அனுபவம் பகிருங்கள்

தண்டையார்பேட்டை கணக்கு டியூஷன்

இது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது, அதனால்தான் இங்கே போடுகிறேன். என்னிடம் பிளஸ் டூ கணக்குப் படிக்கிற பெண், ஸ்டேட் போர்டு, அப்பாவுக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிற வேலை. அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதுகிற எஸ்ஏடி தேர்வில் 1600க்கு 1520 வாங்கியிருக்கிறாள். அமெரிக்காவில் இருக்கிற எம்ஐடிக்குப் போடப் போகிறேன் என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அம்மா உட்கார்ந்ததும் கேட்டது, “அதுக்கு கட்ஆஃப் எவ்ளோ சார்?”

அவர் கேட்டது நியாயம்தான். நம் ஊரில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, மொத்தம் 200க்கு இவ்வளவு என்று சொன்னால் போன வருடப் பட்டியலைப் பார்த்து எந்தக் காலேஜ், எந்தக் கோர்ஸ் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். அங்கே அப்படி ஒரு கோடே கிடையாது என்பதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் போனைத் திருப்பிக் காட்டினாள். ஏதோ ஒரு வெப்சைட்டில் மார்க்கெல்லாம் போட்டால் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று சொல்லுமாம், 14 என்று காட்டியிருந்தது. அவளே சொன்னாள்: “சார், இது அமெரிக்கப் பசங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வெளிநாட்டுப் பசங்களுக்கு வகுப்புல பத்துல ஒரு பங்குதான் இடம். அப்ப எனக்கு இதுல பாதிகூட வராதுல்ல?”

நம்பர் எதுவும் சொல்ல முடியாதும்மா, ஆனால் பணம் கேட்கிறாய் என்பதற்காக எம்ஐடி உன்னைத் தள்ளாது, போடு என்றேன். அம்மா விடவில்லை. “அப்ப கெடைக்குமா, கெடைக்காதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.” நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் அம்மா கையைப் பிடித்து, “கெடைக்காதுன்னே வச்சுக்கோம்மா, நான் போடுறேன்” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. பதினேழு வயதுப் பிள்ளை அம்மாவுக்காக அந்தப் பதிலைத் தானே சொன்ன அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

வியாசர்பாடி அண்ணன்

என் சித்தி பையனைக் கூட்டிக்கொண்டு ஒரு கன்சல்டன்சிக்குப் போனேன், பெயர் வேண்டாம், ஏசி ரூம், சுவர் முழுக்க காலேஜ் கொடிகள். ஒரு மேடம் ஷீட்டில் மூன்று கட்டம் போட்டார், கனவு, நடுத்தரம், உறுதி என்று. மார்க் எழுதினார், எஸ்ஏடி எழுதினார். அப்புறம் பள்ளிக்கூடம் எங்கே என்றார். வியாசர்பாடி, அரசுப் பள்ளி என்றான். “அங்க ஏபி கோர்ஸ் எத்தனை இருக்கு?” பள்ளியிலேயே கல்லூரி அளவில் நடத்துகிற அமெரிக்கப் பாடங்களாம் அவை. ஒன்றும் இல்லை மேடம் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டார். மூடியதை நான் பார்த்தேன், அவனும் பார்த்தான்.

எனக்கு எரிகிறது ஏன் தெரியுமா, இந்தப் பையன் எங்கள் ஏரியாவில் தினமும் சாயந்தரம் சின்னப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித்தருகிறான், ஷூ இல்லாத பிள்ளைகளுக்கு அங்கே இங்கே கேட்டு வாங்கித் தருகிறான், ஸ்கூலுக்கு வராமல் நின்றுபோன ரெண்டு பேரை கிரவுண்டைக் காட்டியே திரும்ப ஸ்கூலுக்கு இழுத்துவந்தவன். விண்ணப்பத்தில் பாடம் தாண்டிச் செய்வதை எழுத இடம் இருக்கிறது, பல அமெரிக்கக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் பத்து வரை எழுதலாம். அந்த மேடம் அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. பள்ளியில் இல்லாத பாடத்தை எடுக்கவில்லை என்று அந்தப் பல்கலைக்கழகங்கள் பிள்ளையைக் குறை சொல்வதில்லை, உன் பள்ளியில் என்ன கிடைத்ததோ அதில் நீ என்ன செய்தாய் என்றுதான் பார்க்கிறோம் என்று அவர்கள் தளத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அந்த ரூமில் அதைச் சொல்ல ஆளில்லை.

பையன் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெரம்பூர் அப்பா

டியூஷன் சாரிடம் மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். “போடு” என்பது உங்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் அது ஒரு வருடம். என் மகன் எம்ஐடிக்குப் போட்டான். பதில் மார்ச் 14 அன்று வந்தது, கணக்கில் வருகிற பை 3.14 என்பதால் அது பை நாளாம், அவர்கள் ஊரில் மாலை 6.28, நமக்கு விடியற்காலை 3.58. நானும் அவனும் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தோம், அம்மா எழுந்துவிடக் கூடாது என்று. இல்லை என்று வந்தது. அவன் அழவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு “அப்பா, இன்னிக்கு கெமிஸ்ட்ரி பரீட்சை” என்றான். பிளஸ் டூ பப்ளிக் நடக்கிற நேரம்! அங்கே பதில் வருகிற மாதமும் இங்கே பரீட்சை மாதமும் ஒன்றாக இருப்பதைப் பற்றி முன்னாடியே எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வாய்ப்பு எவ்வளவு என்று சொல்கிறவர்கள் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். 2024ல் ஹார்வர்டுக்கு 54,000 பேருக்கு மேல் போட்டு 2,000 பேருக்கும் குறைவாகத்தான் எடுத்தார்கள். இதையெல்லாம் தெரிந்தே “போடு” என்றால் சரி, ஆனால் மார்ச் மாதம் பிள்ளை பக்கத்தில் யார் இருப்பது?

தண்டையார்பேட்டை கணக்கு டியூஷன்

ஐயா, அவள் என்னிடம் வருவதற்கு முன்பே போட முடிவு செய்திருந்தாள். நான் தடுத்திருந்தால் என்னிடம் சொல்லாமல் போட்டிருப்பாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பரீட்சை தேதி விஷயம் ரொம்ப முக்கியம், அவளிடம் சொல்லிவிட்டேன்.

திருவொற்றியூர் ஓய்வுபெற்ற எச்எம்

என் அனுபவம் சின்னது. நான் பணியில் இருந்தபோது ஒரு மாணவன் பள்ளி சார்பில் பரிந்துரைக் கடிதம் கேட்டான். எங்கள் அலுவலகத்தில் உடனே நடத்தைச் சான்றிதழ் ஃபாரத்தை எடுத்து “நடத்தை: மிக நன்று” என்று நிரப்பி சீல் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “சார், ஒரு பக்கம் எழுதணுமாம்” என்று நின்றான். ஒரு பக்கம்! அறுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுகிற வழக்கமே எங்களுக்கு இல்லை. அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். மழை நாட்களில் லேபில் தண்ணீர் புகுந்தால் யாரும் சொல்லாமலே அவன் நுண்ணோக்கிகளைத் தூக்கி மேலே வைப்பதில் ஆரம்பித்தேன், பக்கம் போதவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் மற்றவர்களுக்கு உதவும் என்று சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பைக் கணக்குப் போடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பணம். முழு உதவித்தொகை வேண்டுகிற வெளிநாட்டு மாணவருக்கு எல்லாப் பல்கலைக்கழகமும் ஒன்று இல்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹெர்ஸ்ட் போன்ற சில இடங்களில் பணம் கேட்பது சேர்க்கையைப் பாதிக்காது, எடுத்துக்கொண்டால் குடும்பத்துக்குத் தேவையானதை முழுவதும் கொடுக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் வெளிநாட்டுப் பிள்ளை பணம் கேட்டால் அதுவும் முடிவில் ஒரு காரணமாகலாம். அதே பிள்ளை, அதே மார்க், ஆனால் இரண்டு இடத்தில் இரண்டு கதை. அந்த வெப்சைட் கணக்குகள் பெரும்பாலும் இதைக் கேட்பதே இல்லை.

அடுத்தது 9ஆம் வகுப்பிலிருந்து மதிப்பெண் கேட்பார்கள். நம் பள்ளிகளில் 9ஆம் வகுப்புப் பதிவேட்டைத் தேடி எடுப்பதே ஒரு வேலை, ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள், அரையாண்டுப் பரீட்சை நேரத்தில் போய் நின்றால் எந்த எச்எம்மும் திட்டத்தான் செய்வார். பாட ஆசிரியர்கள் இரண்டு பேர் கடிதம் தர வேண்டும், முதல் மார்க் கொடுத்த ஆசிரியரைவிட பிள்ளையை நன்றாகத் தெரிந்த ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்றால் தமிழில் எழுதி மொழிபெயர்த்து அனுப்பலாமா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள், பதில் போடுவார்கள். எஸ்ஏடியை 2022ல் எம்ஐடியும் 2024ல் ஹார்வர்டும் மறுபடி கட்டாயமாக்கிவிட்டன, அது தேவையில்லை என்று கோவிட் காலத்துப் பேச்சை இன்னும் சிலர் சொல்கிறார்கள், நம்பாதீர்கள். விண்ணப்பக் கட்டணம் கட்ட முடியாவிட்டால் விலக்கு கேட்கலாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அமெரிக்க அரசின் எஜுகேஷன்யுஎஸ்ஏ கல்வி ஆலோசனை இருக்கிறது, காசு வாங்காமல் சொல்லித்தருவார்கள், முதலில் அங்கே போங்கள். அந்த ஏசி ரூமுக்கு லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

மண்ணடி வாசகர்

இதே வடசென்னைத் துறைமுகத்தில்தான் ராமானுஜன் 1912ல் கிளார்க்காக இருந்தார், அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையான எஃப்ஏவில் தேறாதவர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். அவருடைய சதவீதத்தை எந்த வெப்சைட் சொல்லியிருக்கும்? நம் பிள்ளைகளை யாரும் குறைத்து எடை போட வேண்டாம்.

பெரம்பூர் அப்பா

ராமானுஜன் பெயரைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த பையன்தான் என் மகன். ஹார்டிக்கு முன்னால் கேம்பிரிட்ஜிலேயே இரண்டு பேராசிரியர்கள் அவருக்கு உதவ முன்வரவில்லை, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு மாமேதையைக் காட்டி சாதாரணமாக நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கு நம்பிக்கை கொடுப்பது அந்தப் பிள்ளைமேல் பாரம் ஏற்றுவதுதான்.

மாதவரம், முன்னாள் மாணவன்

நான் அமெரிக்காவில் படித்த பல்கலைக்கழகத்துக்காகத் தன்னார்வமாக விண்ணப்பதாரர்களிடம் வீடியோ காலில் பேசுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எங்களுக்கு மார்க் தெரியாது, கட்டுரை தெரியாது. பேசியதை எழுதி அனுப்புவதோடு எங்கள் வேலை முடிந்தது.

எண்ணூர் பக்கத்துப் பையன் ஒருவன். கேமராவில் வந்ததும் பிளாஸ்டிக் ஃபைலைத் திறந்து சான்றிதழ்களை ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தான், கேரம், ஓவியம், ஹேண்ட்ரைட்டிங், இந்தி. பின்னால் யாரோ “அதையும் காட்டுடா” என்று குரல் கொடுக்கிறார்கள். நான் ஃபைலை வைத்துவிட்டு உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைப் பேசலாம் என்றேன். ரொம்ப நேரம் அமைதி. சரி, வீட்டில் அப்பா என்ன செய்கிறார் என்றேன். மீன் பிடிக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, அப்போது எப்படி என்றேன்.

எழுந்து போய் ஒரு அறுபது பக்க நோட்டை எடுத்து வந்தான். அப்பா வலையில் அன்றன்று என்ன விழுந்தது, இறால் எவ்வளவு, மடவை எவ்வளவு, நண்டு எவ்வளவு, எண்ணெய் வந்த நாளிலிருந்து எழுதி வைத்திருக்கிறான். பல நாள் வெறும் கோடு. நோட்டின் ஓரத்தில் கறுப்புக் கறை, வலையைத் தொட்ட கையோடு எழுதியிருக்கிறான். எதற்காக எழுதினாய் என்று கேட்டேன். “நிவாரணம் கொடுக்க வந்தவங்க எவ்வளவு நஷ்டம்னு கேட்டாங்க, யாருக்கும் சொல்லத் தெரியல சார், அதான்” என்றான். விண்ணப்பத்தில் இதை எழுதினாயா என்றால் இல்லை. இதுவெல்லாம் சான்றிதழ் இல்லாத விஷயம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையில் ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை தனக்கு எப்படி ஊக்கம் தந்தது என்று எழுதி அனுப்பிவிட்டான்.

முடிக்கும்போது அவனும் அதைத்தான் கேட்டான், “சார், சான்ஸ் இருக்கா?” நாங்கள் அதற்குப் பதில் சொல்லக் கூடாது, விதி. நோட்டைப் பற்றி மட்டும் என்னால் முடிந்த அளவு எழுதி அனுப்பினேன்.

வியாசர்பாடி அண்ணன், உங்கள் தம்பி அந்த ஷூ விஷயத்தை எழுதட்டும். ஸ்கூலுக்குத் திரும்ப வந்த ரெண்டு பேரைப் பற்றியும் எழுதட்டும். யாரிடமும் காட்டி மெருகேற்ற வேண்டாம்.

வியாசர்பாடி அண்ணன்

சொல்லிவிட்டேன் சார். ஆங்கிலத்தில் வராது என்றான், முதலில் தமிழில் எழுது என்றேன், இப்போது எழுதிக்கொண்டிருக்கிறான்.

தண்டையார்பேட்டை கணக்கு டியூஷன்

எச்எம் சாருக்கு ஒரு கேள்வி. உதவித்தொகை ஃபாரத்தில் அப்பாவின் வருமானத்துக்கு ஆதாரம் கேட்கிறது. சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரி கட்டுகிற அளவு வருமானமும் இல்லை. மீன் வரத்தைப் பொறுத்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தொகை. என்ன கொடுப்பது?

திருவொற்றியூர் ஓய்வுபெற்ற எச்எம்

இ-சேவை மையத்தில் தாசில்தார் வருமானச் சான்றிதழுக்குப் போடச் சொல்லுங்கள், ரேஷன் கார்டும் ஆதாரும் எடுத்துப் போக வேண்டும். அதோடு வருமானம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது, மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை வீடு எப்படி ஓடுகிறது என்று அப்பா சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணே ஒரு கடிதமாக எழுதி, அப்பா கையெழுத்தோடு இணைக்கட்டும். முன்கூட்டியே போடுகிறவர்களுக்கான கடைசித் தேதி நவம்பர் 1, அதற்குள் போடுவதாக இருந்தால் இந்த வாரமே இ-சேவைக்குப் போகச் சொல்லுங்கள்.