வலி நின்றதும் வராமல் போகிறவர்களை எப்படித் திரும்ப வரவைக்கிறீர்கள்?

தனிநாற்காலி:

சொந்தமாகப் பல் கிளினிக் ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாற்காலி, நான், ஓர் உதவியாளர், அவ்வளவுதான். இந்த வேலை எனக்கு உயிர். ஆனால் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப நடந்து மனதை அரிக்கிறது. வீட்டில் சொன்னால் ஆறுதல் கிடைக்கும், வழி கிடைக்காது, அதனால் இங்கே கேட்கிறேன்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் வருவார். ஏற்கெனவே நேரம் வாங்கியவர்களிடம் கேட்டு அரைமணி தள்ளிவைத்து, அவரை உட்காரவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைத் திறந்து நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் கூழை எடுத்து, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்புவேன். மறுநாள் போன் செய்தால் "சுத்தமா வலி இல்லை டாக்டர், நிம்மதியாத் தூங்கினேன்" என்பார். அந்தக் குரலைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அடுத்த வாரம் வேர் சிகிச்சையை முடிக்க வரச் சொல்லியிருப்பேன். வரமாட்டார். அப்புறம் போனையும் எடுக்கமாட்டார். ஏழெட்டு மாதம் கழித்து அதே பல் நடுவே பிளந்து வருவார், எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

போன வாரம்கூட இப்படி ஒரு கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். முதல் நாள் அந்தப் பல்லில் நாலாவது கெனாலை, அதாவது வேருக்குள் ஓடும் குழாயை, தேட எனக்கு இருபது நிமிடம் ஆனது. லூப்ஸ் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கூழறையின் தரையில் மயிரிழை மாதிரி ஓடுகிற கருத்த கோட்டைப் பின்தொடர்ந்து போய், கடைசியில் கெனாலைச் சுத்தம் செய்கிற ஊசி போன்ற ஃபைலின் முனை ஓரிடத்தில் பிடித்துக்கொண்டது. அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிந்த நொடியில் இருந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அதே பல் போன வாரம் இரண்டு துண்டாகக் கிண்ணத்தில் கிடந்தது. உதவியாளர் அதை எடுத்துப்போகும்போது என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மற்றதெல்லாம் சமாளித்துவிடுவேன். பாதி வேலையில் கருவிகளுக்குக் காற்று தரும் கம்ப்ரஸர் நிற்பது, பல்லைக் குடைகிற ஏர்ரோட்டரில் பேரிங் போய்ச் சத்தம் மாறுவது, நேரம் வாங்கிவிட்டுச் சொல்லாமல் வராமல் இருப்பது, சாயங்காலம் கழுத்து விறைத்துப்போவது, இவையெல்லாம் தொழிலோடு வருபவை. காப்பாற்றியிருக்கக்கூடிய பல் போவதை மட்டும் தாங்க முடியவில்லை. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அப்புறம் இன்னொன்று, எது உங்களை மறுநாள் காலையில் மறுபடி கிளினிக்கைத் திறக்க வைக்கிறது? அதையும் எழுதுங்கள், எனக்கு இப்போது அதுவும் தேவைப்படுகிறது.

பழையகை:

டாக்டர், இருபத்தெட்டு வருடமாகக் கிளினிக் நடத்துகிறேன். முதல் பத்து வருடம் நானும் இதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

வலி நின்றால் குணமாகிவிட்டது என்று மக்கள் நினைப்பதில் தப்பே இல்லை. தலைவலி, காய்ச்சல் எல்லாம் அப்படித்தானே. பல்லில் மட்டும்தான், வலி நின்றதற்குக் காரணம் உள்ளே நரம்பை நாம் எடுத்துவிட்டதே தவிர நோய் தீர்ந்ததில்லை. இதை நாம் எப்போது சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். எல்லாம் முடிந்து, வாய் மரத்து, அவர் எழுந்து கிளம்புகிற நேரத்தில் சொல்கிறோம். அப்போது அவர் காதில் எதுவும் ஏறாது. நான் ஊசி போட்ட பிறகு, மரத்துப்போகக் காத்திருக்கிறோமே, அந்த ஐந்து பத்து நிமிடத்தில் சொல்வேன். எக்ஸ்-ரேயைத் திரையில் பெரிதாக வைத்து, வேர் நுனியைச் சுற்றியிருக்கும் கறுப்பை அவர் விரலாலேயே தொட்டுக் காட்டச் சொல்வேன். 1896-இல் ஓட்டோ வால்க்ஹோஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் பல்லைப் படம் எடுக்க 25 நிமிடம் கதிர் முன்னால் அசையாமல் இருந்தாராம். நமக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைப்பதை எடுத்தவுடன் மூடிவைத்துவிடுகிறோம், நோயாளிக்குக் காட்டுவதே இல்லை. காட்டிவிட்டு நான் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "இன்றைக்கு வலி போய்விடும், ஆனால் இந்தக் கறுப்பு போகாது."

இரண்டாவது, முடிந்தால் அன்றைக்கே முடித்துவிடுங்கள். கூழ் இன்னும் உயிரோடு இருந்து அழற்சி மட்டும் என்றால் ஒரே அமர்வில் முடிப்பதில் தடை ஒன்றும் இல்லை. சீழ் வடிந்துகொண்டே இருந்தால், கெனால் காயவே இல்லை என்றால்தான் அடுத்த நாளுக்கு விடுகிறேன். "இவர் திரும்ப வருவாரா" என்று மனதில் சந்தேகம் எழுந்தால் அதையும் சிகிச்சைத் திட்டத்தில் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வரமாட்டார் என்றே வைத்துக்கொண்டு பல்லைப் பாதுகாத்து அனுப்புங்கள். திறந்த கடைவாய்ப் பல்லின் முகடுகளைக் கொஞ்சம் தேய்த்துக் கடியிலிருந்து விலக்கிவிடுங்கள். சுவர் மெலிந்திருந்தால் பல்லைச் சுற்றி ஆர்த்தோ பேண்ட் (பல்லுக்குக் கம்பி கட்டும்போது மாட்டும் உலோக வளையம்) ஒன்றை ஒட்டி அனுப்புங்கள். நாலு மாதம் கழித்து வந்தாலும் பல் பிளக்காமல் இருக்கப் பெரிய உதவி அது. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகு நான் எடுக்கவேண்டி வந்த பற்கள் எவ்வளவோ குறைந்துவிட்டன.

எது என்னைத் திறக்க வைக்கிறது என்று கேட்டீர்கள். எனக்கு அது தோள்தான். வீங்கிச் சிவந்த கீழ்க் கடைவாய்ப் பல், கீழ்த்தாடை நரம்பை மரக்கவைக்கும் பிளாக் ஊசி கொடுத்தும் உதடு மட்டும் மரத்துப் பல் மரக்காது. அழற்சி உள்ள இடம் அமிலத்தன்மையோடு இருப்பதால் மருந்து நரம்புக்குள் சரியாக நுழைவதில்லை என்று படித்திருக்கிறோம், ஆனால் நாற்காலியில் இருப்பவருக்கு அந்த விளக்கத்தால் என்ன பயன். உதடு மரத்ததை நம்பி நான் பல்லைக் குடையும் பர்ரை எடுப்பதில்லை, குளிர் ஸ்ப்ரே வைத்துப் பார்ப்பேன். உணர்ச்சி இருந்தால் கன்னப் பக்கம் 4% ஆர்டிகெய்ன் என்ற மரக்கவைக்கும் மருந்தைக் கூடுதலாகப் போட்டுக் காத்திருப்பேன். மறுபடி ஸ்ப்ரே வைக்கும்போது அவர் தலையை இல்லை என்று ஆட்டுவார். கூடவே, காதுவரை ஏறியிருந்த இரண்டு தோளும் மெல்ல இறங்கி நாற்காலியில் படியும். மூன்று நாளாக அந்தத் தோள் இறங்கியிருக்காது. அதைப் பார்க்கத்தான் வருகிறேன்.

உதவியாளர்:

நான் மருத்துவர் இல்லை, ஒரு கிளினிக்கில் பதினோரு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். போன் செய்வது என் வேலை என்பதால் எழுதுகிறேன்.

"ஏன் வரலை?" என்று கேட்டால் அடுத்த முறை அந்த எண்ணை எடுக்கமாட்டார்கள். நான் கேட்பது "அந்தப் பல் இப்ப எப்படி இருக்கு, மேல வச்ச அடைப்பு தேஞ்சிருக்கா?" என்றுதான். பல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர்களே மீதியைச் சொல்வார்கள். அப்புறம், அடுத்த தேதியை அவர்கள் நாற்காலியை விட்டு இறங்குவதற்கு முன்னால், அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி எழுதிவிடுவேன். நாம் சொல்லும் நாளைவிடத் தானே சொன்ன நாளுக்கு வருகிறவர்கள் அதிகம், இது என் அனுபவம். முதல் நாள் சாயங்காலம் குறுஞ்செய்தியோடு நிறுத்தாமல் குரலில் கூப்பிடுவேன்.

கம்ப்ரஸர் பற்றிச் சொன்னீர்கள் டாக்டர். தினமும் வேலை முடிந்ததும் தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்கிறீர்களா? மழை நாட்களில் ஒரு டம்ளர் அளவுக்கு வரும். அது உள்ளேயே நின்றால் தொட்டி துருப்பிடிப்பது ஒரு பக்கம், காற்றோடு ஈரம் வந்து, பல் நிற அடைப்பான காம்போசிட் ஒட்டவேண்டிய இடத்தில் சரியாக ஒட்டாது. அடைத்தது ஏன் சீக்கிரம் கழன்றது என்று எங்கள் டாக்டர் ரொம்ப நாள் தேடி, கடைசியில் ஏர் சிரிஞ்சைக் கண்ணாடி மேல் அடித்துப் பார்த்தபோது புள்ளிப் புள்ளியாக ஈரம் படிந்தது. அன்றிலிருந்து காலையில் முதல் வேலையாக அந்தக் கண்ணாடிச் சோதனையை நானே செய்கிறேன். ஏர்ரோட்டருக்கு, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பதற்கு முன்னால் எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வழிகிற எண்ணெயைத் துடைத்துவிட்டுத்தான் பையில் போடவேண்டும். நிமிடத்துக்கு மூன்று லட்சம், நாலு லட்சம் சுற்று சுற்றுகிற சாமான், ஒரு நாள் எண்ணெய் மறந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

என்னுடைய சந்தோஷத்தைச் சொன்னால் சின்னதாகத் தோன்றலாம். வாரம் ஒருமுறை ஆட்டோகிளேவுக்கு, கிருமி வித்துகள் செத்தனவா என்று பார்க்கும் ஸ்போர் டெஸ்ட் வைப்போம். இரண்டு குப்பி, ஒன்று மற்ற சாமான்களோடு உள்ளே போய் வந்தது, இன்னொன்று போகாதது. இரண்டையும் இன்குபேட்டரில் வைத்தால் உள்ளே போகாதது மஞ்சளாகிவிடும், போய் வந்தது ஊதாவாகவே இருக்கவேண்டும். பக்கத்தில் பக்கத்தில் மஞ்சளும் ஊதாவும் நிற்கும்போது, இந்த வாரம் இங்கே வாயைத் திறந்த ஒவ்வொருவருக்கும் நான் சுத்தமான கருவியைத்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று தெரியும். நோயாளி யாருக்கும் அது தெரியப்போவதில்லை. எனக்குத் தெரியும், அது போதும்.

பாதியில்போனவன்:

நீங்கள் பேசிக்கொண்டிருக்கிற ஆள் நான்தான். மேல் கடைவாய்ப் பல், முதல் அமர்வுக்குப் பிறகு ஐந்து மாதம் போகவில்லை.

வலி நின்றது ஒரு காரணம், உண்மைதான். முதல் மாதம் அதனால்தான் போகவில்லை. அடுத்த நாலு மாதம் போகாததற்குக் காரணம் வேறு, வெட்கம். சொன்ன தேதியைத் தவறவிட்டுவிட்டோம், இப்போது போய் நின்றால் என்ன சொல்வார்களோ என்று. நாள் ஆக ஆகப் போவது இன்னும் கஷ்டமானது. நாக்கால் அந்தத் தற்காலிக அடைப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பேன், முதலில் வழவழப்பாக இருந்தது, பிறகு ஒரு குழி, பிறகு குழிக்குள் சாப்பாடு தங்க ஆரம்பித்தது. கிளினிக் எண் போனில் வந்தால் எடுக்கமாட்டேன். அவர்கள் மேல் கோபம் எல்லாம் இல்லை, என் மேல்தான்.

கடைசியில் போனது ஏன் என்றால், டாக்டரே ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தார். "எப்ப வந்தாலும் பரவாயில்லை, விட்ட இடத்திலிருந்து பாத்துக்கலாம்" என்று. போனதும் ஒரு கேள்வி கேட்கவில்லை, எக்ஸ்-ரே எடுத்தார், வேலையை ஆரம்பித்தார். பல் தப்பித்துவிட்டது, கேப் போட்டு இரண்டு வருடம் ஆகிறது. தனிநாற்காலி டாக்டர், போன் எடுக்காதவர்கள் உங்களை மதிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லேப்மேசை:

நான் கேப் செய்கிற லேபில் இருக்கிறேன். கேள்விக்கு நேர் பதில் இல்லை, ஆனால் சிகிச்சை முடிந்து கேப் வரைக்கும் வருகிற நோயாளியை நாம் சேர்ந்து இழக்கிற ஓர் இடம் உண்டு, நிறம் சரியில்லாமல் திருப்பி அனுப்பி அவரை மூன்று தடவை அலையவைப்பது. ஷேடு, அதாவது பல்லின் நிறம், பார்ப்பதை முதல் வேலையாக, பல் ஈரமாக இருக்கும்போதே செய்துவிடுங்கள். வாயைத் திறந்து காயவிட்டு, எச்சில் படாமல் பல்லைத் தனியாக்கும் ரப்பர் டேம் போட்டு எல்லாம் முடித்த பிறகு பார்த்தால் பல் வெளுத்திருக்கும். நீங்கள் ஏ2 என்று எழுதி அனுப்புவீர்கள், நிஜத்தில் அது அதைவிடக் கொஞ்சம் அடர்ந்த ஏ3 ஆக இருக்கும். ஷேடு டேபை (நிற மாதிரித் துண்டை) பல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

என் சந்தோஷமும் படம்தான். கேப் ஒட்டிய பிறகு சில டாக்டர்கள் ஒரு படம் அனுப்புவார்கள். எது நான் செய்த பல் என்று எனக்கே ஒரு நொடி தேடவேண்டியிருந்தால் அன்றைக்கு முழுக்க அந்த நினைப்பிலேயே இருப்பேன். தயவுசெய்து அனுப்புங்கள், நாங்கள் அந்த வாயைப் பார்க்கப்போவதே இல்லை.

தனிநாற்காலி:

எல்லோருக்கும் நன்றி. பாதியில்போனவன் எழுதியதை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். இத்தனை நாள் போன் எடுக்காததை அலட்சியம் என்றே நினைத்திருந்தேன்.

இன்று காலை பழைய நோட்டை எடுத்து, திறந்து அடைத்த பிறகு வராதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினேன், பதினான்கு பேர். ஒவ்வொருவருக்கும் குரல்செய்தி நானே அனுப்பினேன், ஏன் வரவில்லை என்ற வார்த்தையே இல்லாமல். மத்தியானத்துக்குள் மூன்று பேர் பதில் சொல்லிவிட்டார்கள். ஒருவர் சாயங்காலமே வந்துவிட்டார். அடைப்பில் பாதி போயிருந்தது, சுவரில் விரிசல் எதுவும் இல்லை. கெனாலைத் திறந்து கழுவியபோது சுத்தமாக இருந்தது, காய்ந்தது, அங்கேயே அடைத்து முடித்துவிட்டேன். கிளம்பும்போது அவர் கதவுவரை போய்த் திரும்பி வந்து, கேப் போட எப்போது வரட்டும் என்று அவராகவே கேட்டார்.

பழையகை டாக்டர், ஒரு சந்தேகம். பேண்டை எதில் ஒட்டுகிறீர்கள்? நாலு மாதம் தாங்கவேண்டும், எடுக்கும்போது பல்லையும் கெடுக்கக்கூடாது.

பழையகை:

கிளாஸ் அயனோமர் சிமென்ட். பல்லை நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், விளிம்பு ஈறுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எச்சில் படாமல் இறுகவிடுங்கள். எடுக்கும்போது பேண்ட் ரிமூவிங் பிளையரால் கன்னப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தூக்கினால் வந்துவிடும், மீதி சிமென்ட்டை ஸ்கேலரால் எடுத்துவிடலாம். மற்ற பதினொரு பேரையும் விட்டுவிடாதீர்கள், இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை அனுப்புங்கள்.